அரை வண்டியும் அரை வண்டியும்

ஏலத்துக்கு முதல் நாள் பழைய கார்களையெல்லாம் பார்வைக்கு வைப்பார்கள். பத்து மணிக்குக் கதவைத் திறந்தால் ஐந்து மணிக்குச் சாத்திவிடுவார்கள். அதற்குள் யார் வேண்டுமானாலும் பானெட்டைத் தூக்கலாம், கதவைச் சாத்திச் சத்தம் கேட்கலாம், அடியில் படுத்தும் பார்க்கலாம். ஓட்ட மட்டும் கூடாது. அன்று அந்தப் பெரிய கூடத்தில் நாற்பது வண்டிகள் நின்றன. ஒவ்வொன்றையும் சுற்றி நாலைந்து பேர் தாடையைத் தடவிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு ஒன்றும் தெரியாது என்பது வேறு விஷயம்.

மேஸ்திரிக்குத் தெரியும். முப்பது வருஷமாக டிங்கர் வேலை. நசுங்கிய காரைத் தட்டி நிமிர்த்திக் கொடுத்தால், இடித்தவனே வந்து எங்கே இடித்தோம் என்று தேடுவான். அதனால்தான் தங்கையின் வீட்டுக்காரர், “நீங்க வந்து ஒரு பார்வை பாத்தாப் போதும் மச்சான்” என்று கையோடு கூட்டிவந்திருந்தார். மாப்பிள்ளை பேக்கரி நடத்தி ஓய்ந்துபோனவர். கடையைக் கைமாற்றிவிட்டு, மனைவி, மகள், பேரன் எல்லோரையும் ஒரு பழைய காரில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகச் சுற்ற வேண்டும் என்பது அவருடைய பத்து வருஷக் கனவு. தங்கை வீட்டில் இருந்தபடியே துணி தைக்கிறவள். இந்தக் கனவை முதலில் கிண்டல் செய்தவள், இப்போது கணவரைவிட அவசரப்பட்டு அவளும் கூடவே வந்திருந்தாள்.

உள்ளே வந்த பத்தாவது நிமிஷம் மாப்பிள்ளை இருபத்தேழாம் நம்பர் வண்டியின் முன்னால் போய் நின்றுவிட்டார். கரும்பச்சை நிறம், உருண்டை விளக்குகள், தேன் நிறத் தோல் சீட்டு. மேஸ்திரி ஒரே ஒரு தடவை பார்த்தார். உடனே முன் கதவைத் திறந்தார்.

நிறம் மாறியிருந்தால் என்ன? தன் கை தட்டிய தகரம் தனக்குத் தெரியாதா? முன் சீட்டுக்கு அடியில் கையை விட்டு, விரிப்பை விலக்கித் தடவினார். இருந்தது. விரல் நுனிக்கு மட்டும் தட்டுப்படுகிற மெல்லிய மேடு, இந்தக் கதவிலிருந்து அந்தக் கதவு வரைக்கும்.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால், அவர் வேலை பார்த்த பட்டறைக்கு ஒரே மாதிரி இரண்டு கார்கள் வந்தன. ஒன்றுக்கு முன்பக்கம் அப்பளம், இன்னொன்றுக்குப் பின்பக்கம். “ரெண்டையும் வெட்டி ஒண்ணாக்க முடியுமாடா?” என்று முதலாளி கேட்டார். முடியாது என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் கையைக் குறைத்து மதிப்பிடுவார்களே என்ற திமிர் விடவில்லை. பதினோரு நாள் வேலை. பள்ளத்தை நிரப்பும் பட்டியை ஒரு சொட்டுகூட வைக்காமல், முழுக்கத் தகரத்தையே தட்டி இழைத்தார். இடது பக்கம் மட்டும் ஒரு விரற்கடை நீண்டுவிட்டது. அதையும் மட்கார்டை வளைத்து மறைத்துவிட்டார். நேர்ச்சாலையில் அந்த வண்டி சமர்த்தாக ஓடும். எதிலாவது பலமாக மோதினால் நடுவில் பிளந்துகொள்ளும். தெரியாமல் செய்தேன் என்று அவர் சொல்லவே முடியாது.

அந்த நேரம் பார்த்து ஒரு மதிப்பீட்டாளர் வந்தார். பார்வை நாளில் இவர்கள் துணி சுற்றிய சின்னக் காந்தம் ஒன்றை எடுத்துவருவார்கள். தகரத்தில் ஒட்டினால் நல்ல வண்டி, நழுவினால் உள்ளே பட்டி. அவர் காந்தத்தை மூக்கிலிருந்து வால் வரைக்கும் நகர்த்தினார். அது உடும்பாகப் பிடித்துக்கொண்டே போயிற்று.

“ஒரு இடத்துல கூட நழுவலங்க. யார் கையும் படாத வண்டி” என்றார்.

மேஸ்திரிக்கு முதலில் வந்தது பயம் இல்லை, பெருமை. பாழாய்ப்போன மனசு ஒரு நொடி நெஞ்சை நிமிர்த்திவிட்டது. அதற்கப்புறம்தான் வேர்த்தது.

மாப்பிள்ளையை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார். “என்ஜின்ல எண்ணெய் வாடை வருது மாப்ளே.”

“பின்னே பூ வாசமா வரும்?”

“அடியில துரு. சீட்டு தைச்சது சரியில்ல. வேற பாப்போமே.”

மாப்பிள்ளை கண்ணைச் சிமிட்டினார். “புரிஞ்சுது மச்சான், புரிஞ்சுது. பிடிச்ச வண்டியத்தான் நாலு பேர் காதுல விழுற மாதிரி மட்டம் தட்டணும். அப்பதான் போட்டிக்கு ஆள் வராது.” அதோடு விட்டாரா? கூடமே கேட்க, “சே, இதெல்லாம் ஒரு வண்டியா! தகர டப்பா!” என்று அவரும் ஆரம்பித்துவிட்டார். இந்த வித்தை அங்கே இருந்த எல்லோருக்கும் அத்துப்படி. இரண்டு பேர் மாறி மாறிக் குறை சொல்வதைக் கேட்டதும், அதுவரை எட்டிக்கூடப் பார்க்காதவர்கள் இருபத்தேழைச் சூழ்ந்துகொண்டார்கள்.

மேஸ்திரியால் நிற்க முடியவில்லை, உட்கார முடியவில்லை. ஒன்பதாம் நம்பர் வரை போனார், திரும்பினார். மூன்று தடவை தண்ணீர் குடித்தார். தாகம் இல்லை. கடிகாரம் நாலேகால் என்றது. ஐந்து மணிக்குக் கதவைச் சாத்திவிட்டால் காலையில் ஏலம். மாப்பிள்ளை பேரைப் பதிவு செய்து, ஏலத்தில் தூக்கிக் காட்டும் கேட்பு அட்டையைக்கூட வாங்கிச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டார். உண்மையைச் சொன்னால் முப்பது வருஷப் பேர் போகும். சொல்லாவிட்டால்? அந்தக் கேள்வியை முடிக்க அவருக்குத் தைரியம் இல்லை. நாலாம் நம்பரின் விளக்கைக் காரணமே இல்லாமல் துடைத்துக்கொண்டு நின்றார்.

“அண்ணே, இங்க வாயேன்!”

தங்கை இருபத்தேழின் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்திருந்தாள். சீட்டை உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தாள். “இந்தப் பக்கம் குழந்தை சீட்டை மாட்டிக்கலாம். இந்தப் பக்கம் நான். நல்லா கால் நீட்டலாம் பாரு” என்று காலை நீட்டினாள். பாதம் சரியாக அந்த ஒட்டின் மேல் போய் நின்றது.

“எறங்கு!” என்று கத்தினார் மேஸ்திரி. “எறங்குடீ முதல்ல!”

கூடத்தில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். தங்கை மிரண்டுபோய் இறங்கினாள். “என்னத்துக்கு இந்தக் கத்து கத்துற?”

“இது ஒரு வண்டி இல்ல. ரெண்டு. நடுவுல வெட்டி ஒட்டினது.”

மதிப்பீட்டாளர் சிரித்தார். “என் காந்தம் பொய் சொல்லுமா?”

“காந்தம் தகரத்தைத்தான் காட்டும், ஒட்டைக் காட்டாது.” மேஸ்திரி தங்கை பக்கம் திரும்பினார். “இடது பக்கம் ஒரு விரற்கடை நீளம். உன் பையில நூல் இருக்கா?”

நூல்கண்டு இல்லாமல் அவள் வாசல் தாண்டமாட்டாள். மாப்பிள்ளையை ஸ்டீரிங்கை நேராகப் பிடிக்கச் சொல்லிவிட்டு, இடது பக்கம் முன்சக்கரத்தின் நடுவிலிருந்து பின்சக்கரத்தின் நடு வரைக்கும் நூலை இழுத்து, அவளையே கிள்ளிப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். அதே நூலை வலது பக்கம் கொண்டுபோனார்கள். ஒரு விரற்கடை மிஞ்சித் தொங்கியது. மதிப்பீட்டாளர் நூலைப் பிடுங்கித் தானே அளந்தார். மறுபடியும் அளந்தார். பிறகு காந்தத்தைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

“அடேயப்பா!” மாப்பிள்ளை காரை விட்டுக் குதித்து இறங்கி மேஸ்திரியின் தோளைப் பிடித்து உலுக்கினார். “கண்ணா அது! எங்க மச்சான் மட்டும் வரலேன்னா குடும்பத்தோட போயிருப்போம்!” யாரோ கை கொடுத்தார்கள். யாரோ பட்டறை முகவரி கேட்டார்கள். இவ்வளவு சுலபமாகத் தப்பித்துவிடலாம் என்று மேஸ்திரி நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. அப்படியே சிரித்துவைத்தால் முடிந்தது கதை.

தங்கை மட்டும் நூலைச் சுற்றிக்கொண்டே அவர் முகத்தைப் பார்த்தாள். “காலையில இருந்து இங்கயேதான சுத்துற? எந்தப் பக்கம் நீளம்னுகூட அளக்காமயே தெரியுது உனக்கு. எப்படி?”

“நான்தான் ஒட்டினேன்” என்றார் மேஸ்திரி.

தோளில் இருந்த மாப்பிள்ளையின் கை இறங்கியது. கூட்டம் ஒவ்வொருவராக அடுத்த வண்டிக்கு நகர்ந்தது.

“இத்தனை வருஷமா இதுல யாரெல்லாம் போனாங்க?” தங்கை கேட்டாள்.

“தெரியாது.”

“நான் ஏறினப்புறம்தான் உனக்குக் கத்தணும்னு தோணுச்சு, இல்ல?”

மேஸ்திரிக்கு அவமானத்தில் காது எரிந்தது. வாசலோரம் மேஜை போட்டு உட்கார்ந்திருந்த ஏலக்கம்பெனிக்காரரிடம் போய், இருபத்தேழைப் பற்றி எழுதிக்கொள்ளச் சொன்னார். எந்தப் பட்டறை, எந்த வருஷம், எங்கே வெட்டியது, எல்லாம் சொன்னார். எழுதுகிறவர் நிமிர்ந்து பார்க்காமல் எழுதினார். பின்னாலேயே வந்த தங்கை மேஜை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“இது ஒண்ணுதானா அண்ணே?”

எழுதுகிறவரின் பேனா நின்றது. மேஸ்திரி தன் கைகளைப் பார்த்தார்.

“இன்னும் மூணு.”

“அதுவும் இங்கதான் நிக்குதா?”

“இல்ல” என்றார். “எங்கயோ ஓடிக்கிட்டிருக்கு.”