கோட்டுப் பொத்தானில் உயிர்

...மந்திரவாதிக்கு ஏழு கடல், ஏழு மலை, பொந்துக்குள் கிளி என்று வசதி இருந்தது, இவளுக்கு வாய்த்தது தையல் மிஷினின் இழுப்பறையும் ஒரு காலித் தைல டப்பாவும்தான், அதற்குள் ஒரு கறுப்புக் கோட்டுப் பொத்தான், நாலு துளை, போதாதா, உயிர் என்ன அவ்வளவு பெரிய சாமானா... காலையில் கடையைத் திறந்ததும், நாத்தனார் வந்து சேர்வதற்குள், பொத்தானைக் கட்டைவிரலால் ஒரு அழுத்து, எரிச்சல், ரோஷம், அழுகை எல்லாம் உள்ளே போ, டப்பாவை மூடு, அதற்குப் பிறகு உட்கார்ந்து ஊரார் பேன்ட்டுக்குக் கால் மடித்துத் தைப்பது வெறும் உடம்பு, அதை யார் என்ன சொன்னால் என்ன. மகன் சின்னவனாக இருந்தபோது தூங்கவைக்கச் சொன்ன கதை, அவன் மறந்துவிட்டான், இவள் பிடித்துக்கொண்டாள், நாலு வருஷமாக. அதற்கு முன்னாலெல்லாம் இருக்கிற தெம்பு கடையிலேயே தீர்ந்துபோகும், வீட்டில் புருஷன் ஒரு வார்த்தை கேட்டால் வள்ளென்று விழுவாள், இப்போது சாயங்காலம் டப்பாவைத் திறந்து உயிரை எடுத்துக்கொண்டு கிளம்பினால் மடிப்புக் கலையாத துணிபோல் இருக்கிறது, சிரிக்கக்கூட மிச்சம் இருக்கிறது.

"மகாராணி, அந்தக் காலை இன்னிக்குள்ள முடிப்பீங்களா, இல்ல அந்த ஆளு ஒத்தக் காலோட வாங்கிட்டுப் போகணுமா?" கத்தரி மேசைக்குப் பின்னாலிருந்து நாத்தனார், கடை அவளுடையது, கத்தரி அவளுடையது, நாக்கும் அவளுடையது. "இதோ ஆச்சு அண்ணி" என்றாள், பட்டதா, படவில்லை. "என் தம்பி உன்னைப் பாத்துட்டு வந்தப்பவே சொன்னேன், இவ ஊசில நூல் கோக்கறதுக்குள்ள பொழுது விடிஞ்சிடும்டான்னு, கேட்டானா." பேசட்டும், வெறும் உடம்பு... நாத்தனாரின் உயிர் எங்கே இருக்கிறதென்றும் இவளுக்குத் தெரியுமே, டப்பாவும் இல்லை மூடியும் இல்லை, வேறு ஊரில் இருக்கிற மகன், பேசி இரண்டு வருஷமாகிறது. தினமும் நாலு மணிக்கு, பஞ்சுபோன்ற குரலில், "என்ன அண்ணி, பையன் போன் பண்ணானா?" என்று இவள் கேட்பாள், கத்தரி ஒரு நொடி நிற்கும், அந்த ஒரு நொடிக்காகத்தான் கேட்பதே, கிளியின் கழுத்தைத் திருகுவதில்லை, விரலால் லேசாக அழுத்திப் பார்ப்பதோடு சரி, அதையுமா குற்றம் என்பார்கள்?

பாவாடை வாங்க ஒரு பெண் வந்தாள். "இதைத் தச்சது இவதான், கோணலா இருந்தா என்னைத் திட்டாதீங்க, வீட்டு மனுஷியாச்சேன்னு வச்சிருக்கேன், வெளியில யாரு வேலை குடுப்பா" என்றாள் நாத்தனார், அந்தப் பெண் சிரித்தாள், முகம் தெரியாத ஒருத்தி, பல் தெரியச் சிரித்தாள்... படவில்லை, நிச்சயமாகப் படவில்லை, ஆனால் அவள் படியிறங்கிப் போனதும் இவள் நாக்கு தானாக அசைந்தது. "அண்ணி, உங்க பையன் ஞாயித்துக்கிழமை எங்கிட்டப் பேசினான்." கத்தரி நின்றது. "பொண்ணு பொறந்து மூணு மாசமாச்சாம். அம்மாவுக்குச் சொல்ல வேண்டாம் அத்தைன்னான். எனக்குத்தான் மனசு கேக்கல." மனசா, மனசு டப்பாவுக்குள் அல்லவா இருக்கிறது, அப்படியானால் இது எங்கிருந்து வந்தது... கத்தரி நின்றது நின்றதுதான், ஒரு நொடி இல்லை, நாத்தனார் சுருக்கமே இல்லாத துணியை நீவினாள், மறுபடி நீவினாள், பிறகு கேட்டாள், "யார் ஜாடையாம்?" மூக்கும் நெற்றியும் அப்படியே எங்கம்மா என்று அவன் சொல்லியிருந்தான். "கேக்கலியே அண்ணி" என்றாள் இவள்.

இவள் அடுத்த பேன்ட்டை எடுத்துக் கால் மடித்தாள். அப்புறம் தலை நிமிராமலே நாத்தனார், "உன் டப்பால இருக்கறது உன் பொத்தான் இல்ல" என்றாள். "போன வருஷம் ஒருத்தரு கோட்டுக்குக் கைல ஒரு பொத்தான் குறைஞ்சுது, உன்னோடது அச்சா அதே மாதிரி இருந்துது, எடுத்துத் தச்சுட்டேன். பதிலுக்குக் குப்பைல கெடந்த இன்னொரு நாலு துளைக் கறுப்புப் பொத்தானைப் போட்டு வச்சேன். எம் பொண்டாட்டி உசிரை டப்பால பூட்டி வச்சிருக்கான்னு என் தம்பிதான் சிரிச்சு சிரிச்சு சொன்னான். பாவம், நீ ஒரு தும்மல்கூடப் போடல."

அவனிடம் சொன்னது இவள்தான், என்ன இப்பல்லாம் நீ கோபிக்கறதே இல்ல என்று அவன் ஆசையாகக் கேட்ட ஒரு நாள், மந்திரவாதியும் இப்படி ஆசையாகக் கேட்டவளிடம்தான் சொல்லிக் கெட்டான், முட்டாள் முட்டாள் என்று மகனோடு சேர்ந்து சிரித்தவளும் இவள்தான்... எந்தக் கோட்டு? சாம்பல் நிறமா, இவளே தேய்த்துக் கொடுத்தாளே, யாரோ ஒருவன் அதைப் போட்டுக்கொண்டு எங்கோ ஒரு மேசையில் கையை ஊன்றியிருப்பான், மூக்கைத் துடைத்துக்கொண்டிருப்பான். போகட்டும். ஒரு வருஷம் பொத்தானே இல்லாமல் ஒன்றும் படவில்லையே, அப்படியென்றால் இவளே கல்தானா, நல்லதுதானே, ஒன்றுகூடப் படவில்லை, வேண்டுமானால் சொல்லிக்காட்டட்டுமா, ஜிப் உடைந்த அன்று "உன் கை பட்டா இரும்பும் இத்துப்போகும்", மழை பெய்த திங்கட்கிழமை "குடை எதுக்கு, நனைஞ்சா கரையற உடம்பா இது", பல்வலியோடு வந்த அன்று, கண்ணாடி மாற்றிய மறுநாள்... வரிசையாக வருகிறது, தேதியோடு, குரலோடு, நாத்தனார் எந்தச் சொல்லில் அழுத்தினாள், எந்தச் சொல்லில் சிரித்தாள் என்பதோடு, நூல்கண்டை உருட்டிவிட்டதுபோல் நிற்காமல் வருகிறது. படாத சொல்லை யாராவது இவ்வளவு பத்திரமாகவா வைத்திருப்பார்கள்?

"நெஜமாவே கேக்கலியா, யார் ஜாடைன்னு?" என்றாள் நாத்தனார், இந்தக் குரலை இவள் இதுவரை கேட்டதில்லை. இவளுடைய கால் பெடலின்மேல் இருந்தது. அழுத்தவுமில்லை, எடுக்கவுமில்லை.