அலறும் வண்டி

என் வண்டி அலறுவது மேல்சித்தாமூர் முழுக்கக் கேட்கும். தாலியறுத்தவள் ஸ்டியரிங்கைத் தொட்டால் இரும்புகூட அழும் என்று ஊரே பேசியது. என் மாமனாரும் அதையே சொன்னார். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

அது பட்டாள ஏலத்தில் என் கணவர் ஸ்ரீபால் எடுத்த ஜீப் பிக்கப். கல்யாணமான புதிதில் எனக்கும் ஓட்டக் கற்றுக்கொடுத்தார். கியருக்குப் பக்கத்தில் இரண்டு சின்னக் கம்பிகள் இருக்கும். ஒன்றைப் போட்டால் முன்சக்கரங்களும் சேர்ந்து இழுக்கும். அதைப் போட்ட பிறகுதான் இன்னொன்று விழும். அது விழுந்தால் சைக்கிள்காரன்கூட நம்மை முந்திவிடுவான். இரண்டும் சேற்றுக்கு மட்டும்தான் என்பார் அவர். தார் ரோட்டில் போட்டால் முன்சக்கரமும் பின்சக்கரமும் மல்லுக்கட்டும். பல்சக்கரம் கடகடக்கும், வளைவில் அடியிலிருந்து சம்மட்டி அடிக்கிற மாதிரி சத்தம் வரும்.

அறுபத்தாறாம் வருஷம் அவர் காய்ச்சலில் போய்விட்டார். அதன்பிறகு மணிலாக்கொட்டை மூட்டைகளைச் செஞ்சிக்கு நானே கொண்டுபோனேன். மாமனார் சீதளநாதன், விளக்கு வைத்தபின் பூச்சி விழுந்துவிடும் என்று பச்சைத் தண்ணீர்கூடத் தொடாத சமணர். ரோட்டில் போகிற மரவட்டைக்கும் எறும்புக்கும் விலக நேரம் வேண்டுமாம். அதனால் இரண்டு கம்பிகளையும் எப்போதும் போட்டே ஓட்டினால்தான் எனக்கு வண்டி. சத்தம் அதனால்தான் வருகிறது என்று நான் சொல்லாத நாளில்லை. வேகமே ஹிம்சை என்று வாயை அடைத்துவிட்டார். ஆனால் சத்தத்துக்குக் காரணம் மட்டும் என் ராசியாம்.

கடைசியில் வண்டியை விற்றுவிட்டு என்னைத் தொண்டூருக்கு, என் அண்ணன் வீட்டு மூலைக்கு, அனுப்புவதென்று முடிவு செய்தார். வாங்க வந்தவர் செஞ்சி ரைஸ்மில் ஆதிமூலம். ஓட்டிப் பாருங்கள், கம்பிகளை மட்டும் தொடாதீர்கள் என்று சொல்லி மாமனார் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். யாரும் கூப்பிடாமலேயே நான் பின்னால், செஞ்சிக்கு ஏற்றி வைத்திருந்த மூட்டைமேல் ஏறிக்கொண்டேன்.

தார் ரோடு வந்ததும் வண்டி அலறியது.

"ஆம்பள கையிலயும் அழுவுது பாருங்க மாமா," என்றேன்.

ஊர் எல்லை வளைவில் ஒரு கோழி குஞ்சுகளோடு குறுக்கே வந்தது. வண்டி ஊர்ந்துகொண்டுதான் இருந்தது, பிரேக்கை லேசாக மிதித்திருந்தால் போதும். ஆதிமூலம் மில் கதை பேசிக்கொண்டே, அதுகளே விலகிவிடும் என்று ஓட்டினார். கடைசிக் குஞ்சு விலகவில்லை.

மாமனார் இறங்கிப் பார்த்தார். ஒரு குஞ்சுதானே என்றார் ஆதிமூலம்.

"மெதுவாத்தான் வந்துது மாமா. கம்பி ரெண்டும் நீங்க சொன்னபடிதான் இருக்குது. நான் ஓட்டி இதுவரைக்கும் ஒரு கோழி, ஒரு அணிலு அடிபட்டிருக்குதா?"

ஆதிமூலத்தை இறங்கச் சொல்லிவிட்டு நான் ஸ்டியரிங் பிடித்தேன். இரண்டு கம்பிகளையும் எடுத்துவிடப் பார்த்தேன்; முறுக்கேறி இறுகிப் போயிருந்தவை முதலில் அசையவில்லை. ரிவர்ஸில் கொஞ்சம் நகர்த்தியதும் ஒன்றன்பின் ஒன்றாக டக்கென்று விட்டன.

"வண்டிய விக்கறதில்ல. நான் தொண்டூருக்கும் போறதில்ல. மூட்ட செஞ்சிக்குப் போவணும். ஏறறதுன்னா ஏறுங்க."

மாமனார் குஞ்சை மேல்துண்டில் எடுத்துப் புளியமரத்தடி மண்ணில் புதைத்தார். பிறகு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். ஆதிமூலம் மூட்டைமேல் ஏறிக்கொண்டார்.

வண்டியில் எஞ்சின் சத்தம் தவிர வேறு சத்தமே இல்லை. செஞ்சிக்கோட்டையின் ராஜகிரி மலை கண்ணில் படுகிற இடத்தில் வேகம் கொஞ்சம் கூடியது. மாமனாரின் கை மெல்லக் கம்பிப் பக்கம் நீண்டது. அந்த நேரம் பார்த்து முன்னால் ஓர் அணில் ஓடிவந்து ரோட்டு நடுவில் நின்றது. அவர் வாய் திறப்பதற்குள் நான் பிரேக் மிதித்திருந்தேன்.

அணில் போகும்வரை காத்திருந்தோம். அவர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.