மஃரிப் இடைவேளை

ஸவாஹிர் ஹாஜியாரின் படத்துக்கு மல்லிகை மாலை போட்டு, முன்னால் குத்துவிளக்கும் ஏற்றி வைத்திருந்தார் எங்கள் நாடகக் குழுவின் இயக்குநர் நாகேந்திரம் அண்ணை. கண்டதும் எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஒரு முஸ்லிமின் நினைவுக் கூட்டத்தில் இதைச் செய்யலாமா என்று யாரிடமாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

"மனுசனுக்கு மரியாதை செய்ய வேண்டாமோ, தாரிகா?" என்றார்.

மாலையைக் கழற்றக் கை நீட்டினேன். அதற்குள் ஹாஜியாரின் மகன் இப்திகார் நானா வாசலுக்கு வந்துவிட்டார். படத்தையும் விளக்கையும் பார்த்தார்.

கொட்டாஞ்சேனையில் ஹாஜியாரின் துணிக்கடை மேல்மாடிதான் இருபது வருடமாக எங்களுக்கு ஒத்திகை இடமும் மேடையும். வாடகைப் பேச்சை அவர் எடுக்கவே விட்டதில்லை. இப்போது கடை மகனுடையது. மாடியில் சரக்கு அடுக்க வேண்டும், கூட்டம் முடிந்ததும் முடிவு சொல்கிறேன் என்று போன கிழமை சொல்லியிருந்தார். இதை விட்டால் எங்களுக்குப் போக்கிடம் இல்லை.

விளக்கை அணைத்தேன். "பிழையா நினைக்காதீங்க, நானா."

"வாப்பாவ நீங்க வெளங்கினது இவ்வளவுதானா?" என்றுவிட்டு முன்வரிசையில் அமர்ந்தார். சாவிக்கொத்தை மடியில் வைத்துக்கொண்டார்.

அண்ணை பேசத் தொடங்கினார். பத்து நிமிடம் போயிருக்கும். கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்து ஐம்பத்திரண்டு. "இடைவேளை" என்று சொல்லி மேடையை விட்டு இறங்கிவிட்டார். பழக்கதோஷத்தில் நானும் மண்டப லைட்டுகளைப் போட்டுவிட்டேன்.

இப்திகார் எழுந்து என்னிடம் வந்தார். "பேச்சுக்கு நடுவுல என்ன இடைவேளை?"

"மஃரிப் தொழுகை நேரம், நானா. உங்கட வாப்பா தொழுதிட்டு வரும்வரைக்கும் நாடகத்தை நிப்பாட்டி வைப்பம். எழுதேக்கையே இடைவேளை மஃரிபுக்கு வாற மாதிரி நேரம் பாத்துத்தான் எழுதுறது. அவர் ஒருநாளும் கேக்கேல்ல. நாங்களாத்தான் செய்தனாங்கள்."

"வாப்பா சொல்லவே இல்லியே," என்றார். படியிறங்கிப் போய்விட்டார்.

கால் மணித்தியாலம் காத்திருந்தோம். அண்ணையைக் கும்பிடவும் மனம் வந்தது, அந்த மாலைக்காகத் திட்டவும் வந்தது. இப்திகார் திரும்பமாட்டார் என்றே நினைத்தேன்.

வந்தார். தொழுகைக்காகக் கழுவிய முகத்தில் இன்னும் ஈரம் இருந்தது.

"அடுத்த நாடகம் எப்ப?"

"யூலையில."

கொஞ்சம் யோசித்தார். "யூலைல மஃரிப் ஆறரைக்கு. அதப் பாத்து எழுதச் சொல்லுங்க."