கழிவுக்குப் போகாத யூனிஃபார்ம்

சுமைதூக்கியின் மனைவி கணவனுடைய நீலக் கால்சட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். முழங்காலில் போட்ட ஒட்டு கண்ணுக்குத் தெரியவில்லை. ஒட்டுத் துணியைக் கால்சட்டைப் பையின் உட்புறத்திலிருந்தே வெட்டியிருந்தாள்; நூலைக் கால் மடிப்பிலிருந்து உருவியிருந்தாள். கடை நூல் பளபளத்துக் காட்டிக் கொடுத்துவிடும். மூட்டை உரசிச் சல்லடையான சட்டைத் தோளுக்கும் அதே வைத்தியம்தான்.

மறுநாள் குடோனில் துணிப் பார்வை. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஸ்டோர்காரர் யூனிஃபார்மைப் புரட்டிப் பார்த்துக் 'கழிவு' என்று எழுதினால் புது ஜோடி கிடைக்கும். பழையது தொழிலாளிக்கே. கால்சட்டையின் பின்பக்கம் இன்னும் கெட்டியாக இருந்தது. வெட்டினால் மகளுக்கு ஒரு பள்ளிப் பாவாடை தேறும். மகளுடைய பாவாடையை மூன்று முறை மடிப்பவிழ்த்து இறக்கியாயிற்று. இனி இறக்க மடிப்பில்லை. பிள்ளையின் வளர்த்தி மட்டும் நிற்கவில்லை. திங்கட்கிழமை முட்டி தெரிந்தால் வகுப்புக்குள் விடமாட்டேன் என்று டீச்சர் சொல்லியனுப்பியிருந்தாள்.

"இதை எதுக்குடி தச்ச? ஓட்டையோட போனாத்தானே கழிப்பான்?" என்றான் அவன்.

"நாலு பேர் முன்னால விரிச்சுக் காட்டுவீங்க. இவன் பொண்டாட்டிக்குக் கை இல்லையான்னு கேக்க மாட்டாங்களா? துணி நைஞ்சது தொட்டாலே தெரியுமே."

"மானத்துக்கு இஸ்திரி வேற போடுற" என்று சிரித்துவிட்டுப் படுத்தான்.

மறுநாள் சாயங்காலம் அதே சட்டையோடு வந்து சுவரோரம் உட்கார்ந்தான். ஸ்டோர்காரர் துணி நைந்திருக்கிறதா என்று தடவிப் பார்க்கவேயில்லையாம். எல்லோரையும் வரிசையாக நிறுத்தி, கால்சட்டையைக் கொடி மாதிரி தூக்கிக் காட்டினாராம். 'கந்தையானாலும் கசக்கிக் கட்டுன்னு சும்மாவா சொன்னாங்க? மூட்டை தூக்குற இவனுக்கே தாங்குது, உங்களுக்குத் தாங்காதா?' மத்தியானத்துக்குள் அறிவிப்புப் பலகையில் காகிதம் ஒட்டிவிட்டார்கள். இனி மூன்று வருடத்துக்கு ஒருமுறைதான். இந்த வருடம் யாருக்கும் கிடையாது.

"மத்தவங்க என்ன சொன்னாங்க?"

"யாரும் கூட உக்காந்து திங்கல. மூட்டையை ஏத்திவிடக்கூட ஒருத்தனும் கை குடுக்கல. நானே குனிஞ்சு இழுத்துப் போட்டுக்கிட்டேன்."

அவள் சட்டையை விலக்கிப் பார்த்தாள். தோளில் தோல் உரிந்து சிவந்திருந்தது. அவள் தைத்த தையல் ஓர் இழைகூட விடவில்லை.

திங்கட்கிழமை பள்ளிக்குப் போன மகள் அரைமணியில் திரும்பி வந்து, பையைக் கழற்றாமல் மூலையில் நின்றாள். பாவாடை முட்டிக்கு மேலேயே நின்றது. அவளுக்குப் பின்னாலேயே, கணவனோடு மூட்டை தூக்குகிற ஒல்லியனின் மனைவி வந்தாள். வாசலில் ஒரு துணிமூட்டையைத் தொப்பென்று போட்டாள்.

"மூணு வருசம் தாங்க வைக்கிற கை உன்னோடதாமே. இந்தா, எங்க வீட்டுக்காரரோடது. தாங்க வை."

"அக்கா, நான் நெனச்சுக்கூடப் பாக்கல..."

"உன் சாமர்த்தியத்தைத் தூக்கி அடுப்புல போடு. அக்காவாம் அக்கா!"

அவள் போய்விட்டாள். மூட்டையை அவிழ்த்ததும் வியர்வை நெடி வீடெங்கும் பரவியது. மேலே கிடந்த கால்சட்டையின் முழங்காலுக்குள் இவள் கையை விட்டாள். ஐந்து விரலும் மறுபக்கம் வந்து நின்றன. தெருமுனையில் இன்னொரு சுமைதூக்கியின் மனைவி துணிப்பையோடு இவள் வீட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தாள்.