சாரம்மாளின் கோடி

கால்வாய்ப் பாலத்து மூங்கில் தட்டியருகே அன்று இருந்தவர்கள் மூவர்: தேவசிகாமணி, அவர் தம்பி பாக்கியசீலன், காவலாளி அப்பாத்துரை.

முக்கூடலுக்கு மேற்கே ஐந்து ஊர்கள் தங்களுக்குள் தீர்வையில்லாமல் ஒரே சந்தையாக வாணிபம் செய்துவந்தன. 1911இல் நொச்சிக்குடி மட்டும் விலகிக்கொண்டது. உடனே எல்லையான அந்தப் பாலத்தில் தட்டி போட்டார்கள். வருகிற துணியோ போகிற துணியோ, பிரித்துப் பார்க்காமல் விடக்கூடாது, எவருக்கும் விலக்கில்லை என்று விதி எழுதியவர் சந்தைத் தலைவரான தேவசிகாமணியே.

நொச்சிக்குடியில் வாழ்க்கைப்பட்ட அவர் தங்கை சாரம்மாள் அன்று காலை இறந்துபோனாள். பிறந்த வீட்டுக் கோடிச்சேலை அவர் கையில் இருந்தது. உடல்மேல் போர்த்தும்போதுதான் கோடியின் மடிப்பைக் கலைப்பது அவர்கள் குடும்ப வழக்கம். வழியில் கலைந்தால் பிறந்த வீட்டுக்கே இழுக்கு.

"பைய போங்க அண்ணாச்சி. நான் அங்கன திரும்பிக்கிடுதேன்" என்றான் அப்பாத்துரை.

"போன வாரம் நம்ம ஊரு சாலோமி கொண்டுபோன கோடியப் பிரிச்சியாலே?"

"பிரிச்சேன். அழுதா. நீங்க எழுதின விதிதான?"

"அப்ப இதையும் பிரி."

"ஊரு சிரிக்கும்ணே" என்று பாக்கியசீலன் கையைப் பிடித்தான்.

"சாலோமி அழுதப்ப நாம சிரிக்கலையா?"

அப்பாத்துரை தொடத் தயங்கினான். தேவசிகாமணியே சேலையை உதறி முந்திவரை விரித்துக் காட்டினார். திரும்ப மடித்தபோது மடிப்பு பழையபடி வரவில்லை.

தலைவர் வீட்டுக் கோடிக்குத் தட்டி தானாகத் திறந்தது என்று இன்றும் சிலர் சொல்கிறார்கள். அது பொய். கலைந்த கோடியோடுதான் சாரம்மாள் கல்லறைக்குப் போனாள்.