அத்தானுக்குத் தெரியாத கொலை

எங்கள் குறும்பட வட்டத்தில் எல்லோரும் எடுப்பது குற்றப் படம்தான். அதனால் ஒரு விதி வைத்திருக்கிறோம். படம் ஓடும்போது கொலைகாரன் யாரென்று தெரிந்துவிட்டால் கையைத் தூக்கலாம். படத்தை நிறுத்துவோம். சொன்னது சரியென்றால் படம் அத்தோடு சரி. விளக்கைப் போட்டு விமர்சனத்தில் இறங்கிவிடுவார்கள். தப்பென்றால், சொன்னவர் கடைசிவரை வாயைத் திறக்கக் கூடாது. படம் எடுத்தவரோ எல்லோரும் பேசி முடிக்கும்வரை சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். இந்தக் கடைசிப் பகுதி என்னை மனதில் வைத்தே எழுதப்பட்டது என்று நினைக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல்களில் டிரைவிங் ஸ்கூல் வகுப்பறையில் கூடுவோம். சாலைக் குறியீட்டு அட்டைகளைக் கழற்றிவிட்டால் பின்னால் நல்ல வெள்ளைச் சுவர். ஸ்கூல் முதலாளிக்கு பிரேக் என்று பெயர் வைத்தது நான்தான். கற்றுக்கொள்பவர் பக்கத்தில் உட்கார்ந்து, தன் பக்கத்து பிரேக்கில் கால் வைத்தே பழகிய மனிதர். ஒரு படத்தையாவது அவர் முழுதாக ஓடவிட்டதில்லை.

என் முதல் படத்தைத் தலைப்பு வரும் முன்பே நிறுத்தினார். இரண்டாவதில் இரக்கப்பட்டு, பிணம் விழும்வரை பொறுத்தார். இரண்டிலும் கொலைகாரன் என் அக்காவின் கணவர். கூரியர் ஆபீஸில் வேலை பார்க்கிறார். கூப்பிட்டால் முகம் சுளிக்காமல் நடிக்க வருகிற ஒரே ஆள் அத்தான்தான். ஆனால் அவருக்குப் பொய் வராது. அக்காவுக்குத் தெரியாமல் பரிசு வாங்கினால்கூட, வீட்டுக்குள் நுழையும்போதே உளறிவிடுவார்.

“உள்ள வரும்போதே, எப்ப என்னைக் கைது பண்ணப் போறீங்கன்னு கேக்குற மாதிரி பாக்குறாரு,” என்றார் பிரேக். அதோடு விட்டாரா? “நீங்க பேசாம குடும்பப் படம் எடுங்களேன். உங்களுக்கு இது வேணாம்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வட்டத்திலிருந்து வருடத்துக்கு ஒரே ஒரு படம் போட்டிக்குப் போகும். அதை உண்மையான தியேட்டரில் போடுவார்கள். என் பெயரை அந்தத் திரையில் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். கல்யாணம், வீடு எதற்கும் நான் இப்படி ஆசைப்பட்டதில்லை.

அடுத்துப் பேசியது மருந்துக்கடை அம்மா. அவருக்கு என்மேல் கோபம் இருக்க நியாயம் உண்டு. “விஷம் குடிச்சவன் இவ்வளவு பொறுமையா பாட்டிலை மூடி வைப்பானா?” என்று அவர் படத்தைக் கிழித்துத் தொங்கவிட்டவள் நான். வட்டியும் முதலுமாகத் திருப்பித் தருவார் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். அவர் சொன்னது இவ்வளவுதான்: “நடிப்புல தப்பில்லம்மா. தான் கொலைகாரன்னு அவருக்குத் தெரியுது. அதான் நமக்கும் தெரியுது.”

அப்போது அது எனக்கு ஏறவில்லை. வீட்டுக்குப் போய்க் கதவை அறைந்து சாத்தினேன். மறுநாள் வேலையில்தான் உறைத்தது. நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவள். ஒருவர் எழுத்து அட்டையின் கடைசி வரியைக் கண்ணைச் சுருக்காமல் மளமளவென்று ஒப்பித்தார். வெளியே காத்திருந்தபோதே மனப்பாடம் செய்துவிட்டார். முன்பே தெரிந்தவர்கள் இப்படித்தான் மாட்டிக்கொள்வார்கள். அட்டையை மாற்றினேன். கதையையும் மாற்றினேன்.

புதுப் படத்தில் கடிகாரக் கடைக்காரர் ஒருவர் விஷம் கலந்த டீ குடித்துச் செத்துப்போகிறார். “நீங்க அவரோட உயிர்த்தோழன். கொன்னது கடைக் கூட்டாளி,” என்று அத்தானிடம் சொன்னேன். கூட்டாளியாக நடித்த இன்சூரன்ஸ் ஏஜென்ட்டிடமும் அதையே சொல்லிவைத்தேன். அத்தான் நிம்மதியாக நடித்தார். பிணத்தைப் பார்த்து அழுதார். ஏஜென்ட்டை எரித்துவிடுவதுபோல் முறைத்தார். நடுவில், சாவு வீட்டுக்கு ஆட்கள் வருவார்களே என்று நான் சொன்னதும் டீ டம்ளர்களைக் கழுவி அலமாரியில் கவிழ்த்தார். வீட்டில் பாத்திரம் கழுவுவது அவர் வேலை. ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்தபடி, பழக்கத்தில் கழுவினார்.

கடைசிக் காட்சியை அத்தான் ஆபீஸ் போன பிறகு எடுத்தோம். இன்ஸ்பெக்டராக அக்கா. கட்டிய புருஷனைக் கொலைகாரன் ஆக்கியதை அவரிடமே மறைப்பதில் அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

திரையிடும் நாள் வந்தது. தலைப்பு வந்தது. பிணம் விழுந்தது. பிரேக் அசையவில்லை. அத்தான் டம்ளர் கழுவினார். எல்லோர் கண் முன்னாலும், சோப்பு நுரை வழிய வழியக் கழுவினார். ஒரு கையும் எழவில்லை.

ஏஜென்ட் வேர்வையைத் துடைத்தபோது பிரேக் கை தூக்கினார். “கூட்டாளி.”

“நானும் அதான் சொல்றேன்,” என்று முன்வரிசையில் இன்னொரு கை எழுந்தது. அத்தான். நடித்தவர் கை தூக்கக் கூடாது என்பதுகூட அவருக்கு மறந்துவிட்டது.

நான் வாயைத் திறக்காமல் படத்தை மறுபடி ஓடவிட்டேன். அறையில் ஒரு சலசலப்பு. பிரேக் தப்பு என்றால் பின்னே யார்?

சுவரில் அக்கா அலமாரியைத் திறந்தாள். வரிசையாகக் கவிழ்ந்த டம்ளர்களைப் பார்த்தாள். “செத்தவர் குடிச்ச டம்ளர் எங்க? போலீஸ் வர்றதுக்குள்ள இதையெல்லாம் கழுவுனது யாரு?” உடனே அதே காட்சி மறுபடி வந்தது. அதே நுரை, அதே முணுமுணுப்பு. இந்தத் தடவை அது கொலைகாரன் முணுமுணுக்கும் பாட்டு.

படம் முடிந்தது.

“நானா?” என்றார் அத்தான். அக்காவைப் பார்த்தார். “நான்தானா?”

அப்புறம் எழுந்த கைதட்டலில் கழற்றி வைத்த அட்டைகள் சரிந்து விழுந்தன. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. மருந்துக்கடை அம்மாவிடம் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். “பாட்டில் விஷயத்துல நீ சொன்னதும் சரிதான்,” என்றார் அவர். “நானும் திரும்ப எடுக்கறேன்.”

பிரேக் இன்னும் எழுந்திருக்கவில்லை. “கண்ணு முன்னாடியே கழுவியிருக்காரு,” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு என்னிடம், “முதல்லேர்ந்து போடுங்க. போட்டிக்கு அனுப்புறதுக்கு முன்னாடி ஒருதடவை நிறுத்தாம பாத்துடறேன்,” என்றார். ஜெயித்துவிட்டேன். வேறு எப்படிச் சொல்வது?

மறுபடி போடும் முன் எல்லோரும் டீ குடித்தோம். பேச்சு மும்முரத்தில், அத்தான் பழக்க தோஷத்தில் காலி டம்ளர்களை ஒவ்வொன்றாகச் சேகரித்துக்கொண்டு, அந்தப் பாட்டை முணுமுணுத்தபடி குழாய்ப் பக்கம் நடந்தார்.

அறையில் இருந்த அத்தனை பேரும் கையைத் தூக்கினோம்.