நேராகத் தெரிகிற இடம்

இடுப்பெலும்பு ஒடிந்து, அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய மனைவி, கட்டிலை விட்டு இறங்கமாட்டேன் என்று ஒரே பிடியாக இருந்தாள். நடைப்பயிற்சி கொடுக்க வாரம் இருமுறை வருகிற பிசியோதெரபி அம்மா கெஞ்சினார், மிரட்டினார். "இப்படியே விட்டா அப்புறம் காலத்துக்கும் படுக்கைதான், பாத்துக்குங்க சார்" என்று கணவரிடம் தனியாகச் சொல்லிவிட்டும் போனார். மனைவியிடம் எல்லாவற்றுக்கும் ஒரே பதில். "நாளைக்குப் பாக்கலாம்."

கணவர் ஓய்வுபெற்ற நில அளவையர். எப்போதும் அளவு டேப்பும் கையுமாக இருப்பதால், தெருவில் டேப்காரர் என்றால்தான் தெரியும். வீட்டின் பின்னால் ஒரு தோட்டம் போட்டால், அதைப் பார்க்கிற ஆசையிலாவது எழுந்து வருவாள் என்று அவருக்குத் தோன்றியது. தோட்டமென்றால் அவருக்கு ஒன்றே ஒன்றுதான்: முந்நூறு வருஷத்துக்கு முந்தைய பிரெஞ்சு அரண்மனைத் தோட்டம். நடுவில் ஒரு நேர்கோடு. இடப்பக்கம் என்ன உண்டோ, வலப்பக்கமும் அதுவே. கத்தரித்த குட்டைச் செடிகள் தலையணை உறைப் பூவேலை மாதிரி சுருண்டு சுருண்டு போகும். அடுத்தவன் வேலிச் சண்டையை அளந்தே தலை நரைத்த மனுஷனுக்கு, சண்டைக்கே இடமில்லாத பூமி அது ஒன்றுதான். படத்தைப் பார்த்தாலே மனசு நிறைந்துவிடும்.

வளர்ந்த செடிகளாகவே வாங்கி, நூல் பிடித்து, முளையடித்து, ஆறு வாரத்தில் நட்டு முடித்தார். மாடி ஜன்னலில் நின்று பார்த்தார். அச்சு அசலாகப் படத்தில் இருந்ததேதான். கண் கலங்கிவிட்டது. மூச்சிரைக்க இறங்கி, மனைவி படுத்திருந்த மூலையறைக்கு ஓடினார்.

"எப்படி இருக்கு?"

அவள் ஜன்னல் பக்கம் தலையைத் திருப்பி நிதானமாகப் பார்த்தாள்.

"கோணலா இருக்கு."

"என்னது?"

"கோணலா இருக்குங்க. இந்தப் பக்கம் ஒரே புதர். அந்தப் பக்கம் ஒண்ணுமே காணோம். ரெண்டு பக்கமும் ஒரே மாதிரின்னு ஊரெல்லாம் தம்பட்டம் அடிச்சீங்களே?"

டேப்காரருக்குத் தலை சுற்றியது. வெளியே போய் அளந்தார். சரியாக இருந்தது. குறுக்கே அளந்தார், மூலைக்கு மூலை அளந்தார். மாடிக்கு ஏறிப் பார்த்தால் நேர், கீழே வந்து கேட்டால் கோணல். வேண்டுமென்றே வம்பு செய்கிறாளோ? கண்ணில் ஏதாவது கோளாறோ? கடைசியில் ஒன்றும் புரியாமல் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, அவள் பார்க்கிற பக்கமே பார்த்தார்.

புதர்தான் தெரிந்தது.

அந்தக் கால ராஜாக்கள் மேல்மாடியில் நின்று பார்ப்பதற்காகப் போட்ட தோட்டம் அது. அவரும் கோடு தப்பாமல் மாடி ஜன்னலுக்கு நேராகப் போட்டிருந்தார். தரையில் காலை ஊன்றாதவளுக்கு, பதினாறு படி ஏறிப் பார்க்கவேண்டிய தோட்டம்! தன் மேலேயே அவருக்கு அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. மாடியிலிருந்து பார்த்தால்தான் நேர் என்று சொல்ல வாயெடுத்தார்.

"அந்த வாக்கரை இப்படித் தள்ளுங்க" என்றாள் மனைவி, சுவரோரம் தொடாமலே கிடந்த நடைச்சட்டத்தைக் காட்டி.

"எதுக்கு?"

"எங்கேர்ந்து பாத்தா நேரா தெரியுதுன்னு நானே பாத்துக்கறேன். உங்க பேச்சைக் கேட்டா ஆகாது."

எழுந்தாள். வாக்கரை முன்னால் தள்ளினாள். ஜன்னல்வரை நாலு எட்டு. கழுத்தைச் சாய்த்துப் பார்த்தாள். கோணல். அறைவாசல்வரை ஆறு எட்டு. அங்கேயும் கோணல். "இதுல என்னத்தைத்தான் கண்டீங்களோ" என்று முணுமுணுத்துக்கொண்டே கூடத்தைத் தாண்டினாள். இரண்டு கையையும் விரித்துக்கொண்டு பின்னாலேயே போன டேப்காரருக்கு, சந்தோஷப்படுவதா பயப்படுவதா என்றே விளங்கவில்லை. நிறுத்தச் சொல்லலாமா? உண்மையைச் சொன்னால் உட்கார்ந்துவிடுவாளோ?

கொல்லைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நெற்றியெல்லாம் வியர்வை.

"இங்கேயும் இல்லையே. இன்னும் எவ்வளவு தூரம் போகணும்?"

முப்பத்தைந்து வருஷ உத்தியோகத்தில் ஓர் அங்குலம் கூட்டியோ குறைத்தோ சொல்லாத மனிதர், மாடிப்படிப் பக்கம் திரும்பாமல் தோட்டத்தைக் கை காட்டினார்.

"ரெண்டடி" என்றார். "இன்னும் ரெண்டே அடிதான்."